சாமி அறைக்குள் சப்பாத்தோடு

முப்பது வருடங்கள் ரொறன்ரோவில் மற்றவர்களுடைய பொயிலர்களைத் திருத்தினேன். என்னுடைய வீட்டில் பொயிலர் இல்லை. ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் மகளோடு இருக்கிறேன். புது வீடு என்பதால் சூடான காற்றை ஊதுகிற இயந்திரம்தான் இருக்கிறது. அது பழுதாவதும் இல்லை, எனக்கு வேலை தருவதும் இல்லை. தண்ணீரைச் சூடாக்கிச் சுவரோரத்து இரும்பு ரேடியேற்றர்களுக்கு அனுப்பும் பொயிலர் பழைய செங்கல் வீடுகளில்தான் இருக்கும். ஸ்காபரோவின் தெற்குப் பக்கத்துத் தெருக்களில் எந்த வீட்டில் எப்படிப்பட்ட பொயிலர் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மகள் அதை ஒரு திறமையாக எடுத்துக்கொள்வதில்லை.

ஓய்வு பெற்ற அன்று வேலைத்தலத்தில் மதியச் சாப்பாடு தந்தார்கள். கொத்துரொட்டியும் பீட்சாவும். இளம் பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். இப்போதைய பொயிலர்கள் தங்களுக்கு என்ன வருத்தம் என்று தாங்களே சின்னத் திரையில் எழுத்தும் இலக்கமுமாகக் காட்டிவிடுகின்றன. அதைப் போனில் தட்டினால் என்ன பாகம் மாற்ற வேண்டும் என்று வந்துவிடும். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. எனக்கும் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் எத்தனை நாள் முழங்கால் நோகாமல் வீட்டுக்குப் போயிருப்பேன்.

“அங்கிள், உங்களுக்கு ஆகக் கூடக் கஷ்டம் தந்த பொயிலர் எது? என்ன மொடல்?” என்று ஒருவன் கேட்டான்.

“பொயிலரில பிழை இல்லையடாப்பா. பிழை என்னில” என்றேன்.

அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். என்னைத் தெரிந்த யாரும் எனக்கு அடக்கம் இருக்கிறது என்று சொல்லமாட்டார்கள். கதையை அன்றைக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை, கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. வந்த புதிதில் எல்லோரையும் போல உணவகத்தில் கோப்பை கழுவினேன். அந்த உணவகத்தின் சுடுதண்ணீர்த் தாங்கியைத் திருத்த வந்தவன் பின்னால் நின்று விடுப்புப் பார்த்ததில் தொடங்கிய ஆசை. இரவு வகுப்புக்குப் போய், சோதனையில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறி, காஸ் வேலைக்கான லைசென்ஸ் எடுத்தேன். பிறகு ஸ்ரானிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

ஸ்ரான் போலந்துக்காரர். எங்கள் மேற்பார்வையாளர். மெலிந்த, உயரமான மனிதர். ஒரு வசனத்தில் முடிக்கக்கூடிய விசயத்தை ஒரு சொல்லில் முடிப்பார். ஒரு வீட்டுக்குப் போனால் ஸ்பானர்கள் கிடக்கிற ஆயுதப் பெட்டியை உடனே திறக்கமாட்டார். தான் கொண்டுவந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு, பொயிலருக்கு முன்னால் அதில் இருப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பத்து நிமிடம் ஒன்றும் செய்யமாட்டார். பக்கத்தில் நிற்கிற எனக்கு விசர் வரும். அதற்குப் பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “கடைசியாக நன்றாக வேலை செய்ததற்குப் பிறகு இந்த வீட்டில் என்ன மாறியது?”

நான் கேட்டால் “ஒன்றும் மாறவில்லை” என்பார்கள். அவர் கேட்டால் யோசித்துப் பதில் சொல்வார்கள். அந்த வாளிக்கு அப்படி ஒரு மரியாதை.

அவருடைய இரண்டாவது பழக்கம் கதவு. திருத்தி முடித்ததும் பொயிலர் அறைக் கதவைச் சாத்துவார். வீட்டு யன்னல்களையும் சாத்தச் சொல்வார். குளியலறை விசிறி, சமையலறை விசிறி, துணி உலர்த்தும் இயந்திரம் எல்லாவற்றையும் போடச் சொல்வார். வீட்டுக் காற்றை வெளியே இழுக்கிற சாமான் ஒன்றும் சும்மா நிற்கக்கூடாது. அதற்குப் பிறகு பொயிலரை எரியவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பார். பிறகு ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, பொயிலருக்கு மேலே புகைபோக்கி தொடங்கும் வாயருகே பிடிப்பார். குச்சியின் புகை உள்ளே போனால் சரி. அறைக்குள் திரும்பி வந்தால், பொயிலரின் நிறமோ மணமோ இல்லாத நச்சுப் புகையும் அதே வழியால் வீட்டுக்குள் வருகிறது என்று அர்த்தம்.

“கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நீ வேலை செய்கிறாய். சாத்திக்கொண்டு அவர்கள் வாழ்கிறார்கள்” என்று ஒருநாள் சொன்னார். அவருடைய கணக்குக்கு அது ஒரு பிரசங்கம்.

எங்கள் வேலைத்தாளின் அடியில், அச்சடித்த கட்டங்களுக்குக் கீழே, தன் கையால் ஒரு கோடு போட்டு ‘கதவு’ என்று எழுதி, அதையே பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்திருந்தார். அந்தக் கோட்டில் ‘மூடி’ அல்லது ‘திறந்து’ என்று எழுத வேண்டும். பின்னேரம் எல்லாத் தாள்களையும் வாசித்த பிறகுதான் வீட்டுக்குப் போவார்.

நான் தனியாக வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் எங்கள் சனம் பழைய வீடுகளை வாங்கத் தொடங்கியிருந்தது. ஒரு தமிழ் ஆள் பொயிலர் திருத்துகிறான் என்ற கதை கோயிலிலும் பிளாசாவிலும் பரவிவிட்டது. கொம்பனிக்குப் போன் எடுத்து “சிவா அண்ணையை அனுப்புங்கோ” என்று பேர் சொல்லிக் கேட்டார்கள். தலைக்கனம் வராமல் என்ன செய்யும்.

பாதி வேலை சின்ன வேலை. ரேடியேற்றரின் மேல்பாதி குளிர்கிறது என்பார்கள். உள்ளே காற்று அடைத்திருக்கும். பக்கத்து ஆணியைச் சின்னச் சாவியால் திருகிச் ‘சூ’ என்று காற்றை விட்டால் முடிந்தது. ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் தினமும் காலையில் பொயிலருக்குள் தண்ணீர் திறந்துவிட்டு அழுத்தமானியின் முள்ளைத் தூக்கி வைப்பாராம். பின்னேரம் பாதுகாப்புக் குழாயால் அந்தத் தண்ணீர் எல்லாம் வாளிக்குள் சொட்டிவிடுமாம். அந்த வாளித் தண்ணீரைத்தான் யன்னலோரத்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறார். இரண்டு வருடமாக இந்தக் கூத்து நடந்திருக்கிறது. தண்ணீர் சூடாகி விரியும்போது இடம் கொடுக்கிற சின்னத் தாங்கி ஒன்று பொயிலரோடு இருக்கும். அது செத்துப்போயிருந்தது. அதை மாற்றிக் கொடுத்தேன். அடுத்த கிழமை போன் எடுத்து, “பொயிலர் திறம். ஆனால் மரத்துக்குத் தண்ணி விட மறந்துபோறன்” என்றார்.

இப்படித்தான் எங்கள் வீடுகள் எனக்குத் தண்ணீர்ப்பட்ட பாடாயின. ஸ்ரானுடைய கேள்வியை வெள்ளைக்காரர் வீட்டில் கேட்டேன். எங்கள் ஆட்கள் வீட்டில் கேட்பதை மெல்ல மெல்ல விட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் என்ன இருக்கும், என்ன மாறும் என்று எனக்குத் தெரியாதா? அந்த எண்ணம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஒரு தை மாதம். மூக்கு நுனி விறைக்கிற குளிர். திலகவதி அக்கா வீட்டிலிருந்து காலையிலேயே அழைப்பு வந்தது. அக்காவும் கணவரும் மகளும் மேலே இருக்கிறார்கள். கீழே பேஸ்மென்றில் மன்னாரிலிருந்து வந்த ஒரு இளம் குடும்பம் வாடகைக்கு இருந்தது. றெஜினா என்ற பெண், அவளுடைய புருசன், கைக்குழந்தை. அக்காவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சனிக்கிழமை சாமத்தியவீடு. லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் சொந்தக்காரர் வந்து வீடு நிறைந்திருந்தது. அன்று புதன்கிழமை.

“தம்பி, பொயிலர் எரிஞ்சு எரிஞ்சு நூருது. இவ்வளவு சனத்தையும் வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது? நீர் எங்கட ஆள் எண்டபடியால்தான் உம்மையே கேட்டனான்” என்றார் அக்கா.

சமையலறையில் மூன்று பெண்கள் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அரியதரம், முறுக்கு, பயற்றம் பணியாரம். மூன்று நாளாக எண்ணெய்ச் சட்டி இறங்கவில்லையாம். அடுப்புக்கு மேலே விசிறி ஓவென்று இரைந்துகொண்டிருந்தது. நான் நின்று ஒரு அரியதரத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

கீழே றெஜினா கதவைத் திறந்தாள். நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

“என்ன பிள்ளை, சுகமில்லையோ?”

“தலை இடி அண்ணை. ரெண்டு நாளா. பீனிசம் போலக் கிடக்கு.”

எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டில் தலையில் என்ன வந்தாலும் பீனிசம்தான். நானும் பெரிய வைத்தியர் மாதிரி, “கொத்தமல்லி அவிச்சுக் குடியும், சரியாப்போகும்” என்றேன். அந்த வசனத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல் இருக்கும்.

பொயிலர் அறையின் பாதியை அக்கா சாமி அறையாக்கியிருந்தார். மேலே இடம் இல்லை, கீழே இது ஒன்றுதான் வெதுவெதுப்பான இடம். சுவரோரம் படங்கள், அவற்றுக்குப் பின்னால் மேலிருந்து கீழ் வரை சிவப்புப் பட்டுச் சேலைத் திரை, முன்னால் ஒரு குத்துவிளக்கு. சடங்கு முடியும் வரை அணையாமல் எரிய வேண்டும் என்று நேர்த்தி. கதவின் நாலு பக்கமும் றப்பர்ப் பட்டி ஒட்டியிருந்தது. மன்னார்ப் பிள்ளை மீன் காய்ச்சினால் மணம் சாமி அறைக்குள் வரக்கூடாது அல்லவா.

நான் வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றினேன். பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல் பொயிலர் அறைக்குள் போகக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. என் வேலை வாழ்க்கையில் அதை மீறியது அந்த ஒரு நாள்தான். வெறுங்காலோடு, திரையில் முட்டாமல், படங்களுக்கு முதுகைக் காட்டாமல், ஒரு பக்கமாகச் சரிந்திருந்து வேலை செய்தேன். வாளியும் இல்லை, பத்து நிமிடமும் இல்லை. பொயிலருக்குள் எப்போதும் எரிகிற சின்னச் சுடர் அணைந்து நூர்ந்து கிடந்தது. அந்தச் சுடர் எரிகிறதா என்று காவல் பார்க்கிற தேர்மோகப்பிள் என்ற சின்னக் கம்பி பழசு. பத்துக்கு ஒன்பது தரம் குற்றவாளி அதுதான். புதுசு போட்டேன். சுடர் நின்றது, பொயிலர் பிடித்தது, நெருப்பு நீலமாக எரிந்தது. கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் பார்த்தேன். சோக்கு.

மேலே ரீயும் வடையும் தந்தார்கள். அக்கா சனிக்கிழமைக்கு வரச்சொல்லி அழைப்பிதழும் தந்தார். கையில் ஒரு பை பலகாரத்தோடு, பெரிய ஆள் மாதிரி வெளிக்கிட்டேன்.

பின்னேரம் மூன்று மணிக்கு வேலைத்தலத்தில் தாளை ஸ்ரானின் மேசையில் வைத்தேன். பலகாரத்தையும் வைத்தேன். அவர் ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டு வாசித்தார். அடியில் வந்ததும் கடிப்பது நின்றது. ‘கதவு’ என்ற சொல்லுக்கு எதிரே நான் ஒன்றும் எழுதவில்லை. அந்த வெறுமையான கோட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

“அது சாமி அறை” என்றேன். “கோயில் மாதிரி. எங்கள் ஆட்கள்.”

விரலை எடுக்கவில்லை.

“திறந்து” என்றேன்.

“அந்த வீட்டில் என்ன மாறியது?”

அவர் கேட்ட பிறகுதான் என் மண்டைக்குள் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. மூன்று நாளாக இரைகிற சமையலறை விசிறி. அது வீட்டுக் காற்றை எல்லாம் உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. றப்பர் ஒட்டிச் சாத்துகிற கதவு. பொயிலருக்குக் காற்று வர வெளிச்சுவரிலிருந்து ஒரு குழாய் அறைக்குள் வரவேண்டும். அதை நான் பார்த்தேனா? பார்க்கவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் பட்டுத்திரை தொங்கியது. றெஜினாவின் நெற்றித் துணி. நச்சுப் புகையின் முதல் அடையாளமே தலையிடிதான். கடைசியாக அந்தக் குழந்தையின் நினைவு வந்தது.

அக்கா வீட்டுக்குப் போன் எடுத்தேன். சனம் நிறைந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. ஸ்ரான் தன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, “போ. நான் தீயணைப்புக்குச் சொல்கிறேன்” என்றார். முறுக்கு மேசையில் பாதியாகக் கிடந்தது.

அந்தப் பத்து நிமிட ஓட்டத்தில் நான் கும்பிடாத தெய்வம் இல்லை. மன்னார்ப் பிள்ளைக்காக மடு மாதாவையும் சேர்த்துக் கும்பிட்டேன்.

பேஸ்மென்றுக்கு வெளியிலிருந்து இறங்கும் படியால் ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். றெஜினா திறக்க நேரம் எடுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்த கையோடு வானிலிருந்து எடுத்து இடுப்பில் மாட்டியிருந்த நச்சுப் புகை மீற்றர் கத்தத் தொடங்கியது.

“பிள்ளை, குழந்தையைத் தூக்கும். வெளியில வாரும்.”

“நித்திரை அண்ணை. இண்டைக்கு முழுக்க நல்ல நித்திரை. குழப்படியே இல்லை.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று சொல்வார்களே, அதற்கு எனக்கு நேரம் இருக்கவில்லை. உள்ளே போய்க் குழந்தையைப் போர்வையோடு அள்ளினேன். தலை தோளில் துவண்டு விழுந்தது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் தாய், படியேறி, தெருவோரம் நிறுத்தியிருந்த என் வானுக்குள் இருத்தினேன். குளிர்காற்று முகத்தில் அடித்ததும் குழந்தை சிணுங்கியது. பிறகு வீரிட்டு அழுதது. அதைவிட நல்ல சத்தத்தை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை.

பிறகு முன்வாசலால் மேலே ஓடி, எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். யன்னல்களைத் திறந்துவிட்டேன். வெளியே காஸ் மீற்றரில் இருக்கிற வால்வை ஸ்பானரால் திருகி முழு வீட்டுக்கும் அடைத்தேன். பலகாரச் சட்டியும் அதோடு அணைந்தது. தீயணைப்பு வண்டிகள் இரண்டு வந்தன. தாயையும் குழந்தையையும் அம்புலன்ஸில் ஏற்றினார்கள். லண்டன் சொந்தக்காரர் பனிக்குள் வீட்டுச் செருப்போடு நின்றார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது.

வீடு காற்றாடி முடிந்து, தீயணைப்புக்காரர் அளந்து பார்த்து உள்ளே விட்ட பிறகு, பொயிலர் அறைக்குப் போனேன். இந்த முறை சப்பாத்தோடு.

“தம்பி, சப்பாத்தோடையோ?” என்று பின்னால் அக்காவின் குரல் வந்தது.

நான் திரும்பவில்லை. போய்ப் பட்டுத்திரையை விலக்கினேன். காற்று வருகிற குழாய் வாயில் பழைய வேட்டித் துண்டு ஒன்று பந்தாகத் திணித்து அடைக்கப்பட்டிருந்தது. இழுத்து எடுத்தேன். காற்று வந்தது, குத்துவிளக்கு நூர்ந்தது.

“அதுக்குத்தானே அடைச்சனான்” என்றார் அக்கா. “உந்த ஓட்டையால காத்து வந்து விளக்கை நூர்க்குது. நேர்த்தி விளக்கெல்லே.”

புகை அலாரம் எங்கே என்று கேட்டேன். சாம்பிராணி போட்டால் கத்துகிறது என்று கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்திருந்தார்கள். நச்சுப்புகைக்கும் சேர்த்துக் கத்துகிற அலாரம் அது.

ஸ்ரான் வந்து சேர்ந்தார். தீயணைப்புக்காரர் பக்கத்தில் நிற்க, காஸைத் திறந்து, வேட்டித் துண்டைத் திரும்ப அடைத்துக் கதவைச் சாத்தி, மேலே விசிறியைப் போடவைத்து, கொஞ்ச நேரம் மட்டும் எரியவிட்டுப் பார்த்தோம். பனிக்குள் ஓடித்திரிந்ததில் என் தீப்பெட்டி நனைந்துபோயிருந்தது. நான் படத்தட்டிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்து, விளக்கடியில் கிடந்த லைட்டரில் கொளுத்திப் புகைபோக்கி வாயில் பிடித்தேன். புகை உள்ளே போக வேண்டியது. நேராக என் முகத்துக்கு வந்தது. வெளியே நின்ற அக்காவைக் கதவில் இருந்த சின்னக் கண்ணாடியால் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.

அணைத்துவிட்டுச் சிவப்பு அட்டையை எழுதிக் காஸ் குழாயில் கட்டினேன். அந்த அட்டை தொங்கினால் திருத்திப் பரிசோதிக்கும் வரை யாரும் பொயிலரைத் தொடக்கூடாது. அப்போதுதான் அக்காவுக்குக் கோபம் வந்தது.

“சனிக்கிழமை சாமத்தியவீடு. இவ்வளவு சனம் வந்து நிக்குது. வெளியில குளிரைப் பாரும். வேட்டியை எடுத்தாச்சு, கதவைத் திறந்து வைக்கிறம். உந்த அட்டையைக் கழட்டும். எங்கட ஆள் எண்டுதானே உம்மைக் கூப்பிட்டனாங்கள்?”

“எங்கட ஆள் எண்டபடியால்தான் அக்கா காலமை நான் பிழை விட்டனான்” என்றேன். “வேற வீடெண்டால் சப்பாத்தோட உள்ளுக்கு வந்து, அந்தத் திரையை விலக்கிப் பாத்திருப்பன். வேற பிள்ளை தலையிடி எண்டு சொல்லியிருந்தால் மல்லி அவிக்கச் சொல்லியிருக்க மாட்டன். உங்களுக்கு மரியாதை தந்து அந்தக் குழந்தையைக் கொல்லப் பாத்தனான்.”

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டேன். ஸ்ரானுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் தன் வாளியைக் கவிழ்த்து என் பக்கமாகத் தள்ளினார். இருந்தேன். அவருடைய வாளியில் நான் இருந்தது அந்த ஒருமுறைதான்.

அக்கா மேலே போய்விட்டார். அன்றிரவு விருந்தினரை நாலைந்து வீடுகளுக்குப் பிரித்து அனுப்பினார்களாம். வியாழனும் வெள்ளியும் ஸ்ரானும் நானும் அங்கேயே நின்றோம். றப்பர்ப் பட்டியை உரித்தோம். கதவைக் கழற்றி, காற்றுப் போகச் சட்டம் சட்டமாகத் திறந்த கதவு ஒன்றைப் போட்டோம். பொயிலரைக் கழுவிப் புகைபோக்கியைக் கூட்டினோம். திரையை எடுத்து, படங்களையும் விளக்கையும் குழாய்க்கு எதிர்மூலைக்கு மாற்றச் சொன்னோம். அக்காவின் கணவரே எல்லாம் செய்தார். அலாரத்தை லாச்சியிலிருந்து எடுத்து, சாம்பிராணி எட்டாத இடத்தில் நான் மாட்டினேன். வெள்ளி பின்னேரம் எல்லாக் கதவும் சாத்தி, எல்லா விசிறியும் போட்டு, ஊதுபத்தி பிடித்தோம். புகை அப்படியே உள்ளே போனது. அட்டையை அவிழ்த்தேன். தாளில் ‘மூடி’ என்று எழுதினேன். எழுதியதை ஸ்ரான் எட்டிப் பார்த்தார்.

றெஜினாவும் குழந்தையும் வியாழன் மத்தியானமே ஆஸ்பத்திரியால் வந்து, பொயிலர் எரியும் வரை சொந்தக்காரர் வீட்டில் தங்கினார்கள். ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொன்னாராம். உடுப்பு எடுக்க வந்த அவளுடைய புருசன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புதன்கிழமை காலையில் நான் விட்ட பிழையை அவனுக்கு அங்கேயே சொன்னேன். “திரும்பி வந்தனீங்கள்தானே அண்ணை” என்றான்.

சனிக்கிழமை நான் போகவில்லை. அழைப்பிதழ் கையில் இருந்தது, போக முகம் இல்லை. ஊரெல்லாம் கதை போயிருந்தது. சடங்கு வீட்டுக்குத் தீயணைப்பு வண்டி கூப்பிட்டவன், சாமி அறைக்குள் சப்பாத்தோடு போனவன். கொஞ்சக் காலம் எங்கள் ஆட்கள் பேர் சொல்லி அழைப்பது குறைந்தது. பிறகு மெல்லக் கூடியது. நான் வாசலில் சப்பாத்தைக் கழற்றமாட்டேன், அதற்கு மேல் உறை போட்டுக்கொண்டு போவேன், வீட்டில் என்ன மாறியது என்று துருவித் துருவிக் கேட்பேன் என்று தெரிந்துதான் கூப்பிட்டார்கள். ஸ்ரான் ஓய்வு பெற்றபோது அவருடைய மேசையை எனக்குத் தந்தார்கள். ‘கதவு’ என்ற கோட்டை நான் தாளிலிருந்து எடுக்கவில்லை. இப்போது தாள் இல்லை, எல்லாம் போனில்தான். அந்தப் போனிலும் கேள்வியைப் போடவைத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். இளம் பிள்ளைகள் அலுத்துக்கொண்டாலும் நிரப்புகிறார்கள். அது எனக்குப் போதும்.

திலகவதி அக்கா அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. கோயிலில் கண்டால் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். அந்த வீட்டுப் பராமரிப்புக்கு வேறு பிள்ளைகள் போனார்கள். எனக்கு அது ஒரு முள்ளாகத்தான் இருந்தது. இவ்வளவு காலத்தில் எத்தனையோ பேர் கோபித்திருக்கிறார்கள், ஆறியிருக்கிறார்கள். இந்த ஒன்று மட்டும் ஆறவில்லையே என்று மனைவியிடம் சொல்வேன். “உங்களுக்கு எல்லாரும் கை தட்டோணும்” என்பாள் அவள்.

அப்படியே பத்துப் பன்னிரண்டு வருடம் போனது. நான் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும். முதல் நாள் முழுக்கப் பனி கொட்டி, காற்று சுழற்றிச் சுழற்றி அடித்திருந்தது. காலையில் என்னுடைய சொந்தப் போன் அடித்தது. நம்பர் எப்படிக் கிடைத்ததோ தெரியாது.

“தம்பி சிவா, நான் திலகவதி அக்கா. விளக்கு இண்டைக்கு நேரா நிண்டு எரியுது.”

எனக்கு விளங்கவில்லை. “என்னக்கா?”

“சாமி விளக்கு. நீங்கள் அண்டைக்கு ஓட்டையைத் திறந்துவிட்ட நாளில இருந்து சுடர் ஒரு பக்கம் சரிஞ்சுதான் எரியும். காலமையும் பின்னேரமும் பாப்பன். சரிஞ்சால் காத்து வருகுது எண்டு எனக்குத் தெரியும். இண்டைக்கு நேரா நிக்குது. பொயிலரை நூர்த்திப்போட்டு யன்னல் திறந்து வைச்சிருக்கிறன். றெஜினாவையும் பிள்ளையளையும் மேல கூப்பிட்டிட்டன்.”

அலாரம் இன்னும் கத்தவே இல்லை.

போனேன். வெளிச்சுவரில் காற்றுக் குழாயின் வாயைப் பனி சுவர் மாதிரி மூடி இறுகியிருந்தது. பனி தள்ளும் சவளால் வெட்டி எடுத்தேன். உள்ளே வந்து பார்க்க வேண்டும். முன்வாசலில் அக்கா நின்றார், தலை முழுக்க நரைத்திருந்தது. அவருக்குப் பின்னால் றெஜினாவும், தாயின் தோளுக்கு வளர்ந்துவிட்ட ஒரு பெடியனும். தூக்கிக்கொண்டு ஓடியது இவனைத்தான் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சப்பாத்து முழுக்கப் பனி. உறையை வானுக்குள் விட்டுவிட்டேன். கழற்றுவதற்குக் குனிந்தேன்.

“கழட்டாதையும் தம்பி” என்றார் அக்கா. “போட்டுக்கொண்டே சாமி அறைக்குள்ள போம். நான் பிறகு துடைப்பன்.”

கீழே இறங்கினேன். ஈரச் சப்பாத்தின் அடையாளம் படியெல்லாம் விழுந்தது. மூலையில் விளக்கு என் பக்கமாகச் சரிந்து எரிந்துகொண்டிருந்தது.